பெண்களுக்கு மட்டும் ஹெல்மெட்

என் மண்டையில் ஏழு தையல் விழுந்ததற்குக் காரணம் ஒரு குச்சிக்கிழங்கு. லாரி நிறைய அந்த மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போனவர்கள், மேட்டில் வண்டி குலுங்கியபோது ஒன்றைச் சாலையில் உதிர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முழங்கை நீளம் இருந்தது. காலை வெயில் கண்ணுக்கு நேராக அடித்ததில் நான் அதைப் பார்க்கவில்லை. முன்சக்கரம் அதன் மேல் ஏறி உருண்டது. சைக்கிள் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். போன இடத்தில் மைல்கல் நின்றிருந்தது.

அப்போது எண்பதுகளின் ஆரம்பம். ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் நான் களப்பணியாளர். அந்தப் பெரிய பெயருக்கு அர்த்தம் இதுதான்: ஊர் ஊராகப் போய்க் கைக்குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்க்க வேண்டும், வாயும் வயிறுமாக இருக்கிறவர்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்க வேண்டும், இரண்டையும் அட்டையில் எழுத வேண்டும். பெண்கள் ஏழு பேர். தொழுநோய்க்கு மருந்து கொடுக்கும் ஆண்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் ஆஸ்பத்திரியே சைக்கிள் கொடுத்திருந்தது. எனக்குப் பதினோரு ஊர். அதில் பாதி ஊருக்கு பஸ் கிடையாது, மீதி ஊருக்கு பஸ் இருப்பதாகச் சொல்வார்கள்.

பள்ளிக்கூடம் போன காலத்தில் நான் சைக்கிளைத் தொட்டதில்லை. எழுபதுகளில் எங்கள் ஊரில் பெண் பிள்ளை சைக்கிள் ஓட்டினால் அன்றைக்கு ஊரில் வேறு பேச்சே இருக்காது. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, இந்த வேலைக்காகத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வாரம் முட்டி பெயர்ந்தது. எட்டாம் நாள் ஏரிக்கரை மேல் யாரும் பிடிக்காமல் ஓட்டினேன். அந்த எட்டாம் நாளை என் கல்யாண நாளை விட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். இதை என் வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறேன்.

தையல் போட்டுக் கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று தீர்ப்பு தயாராக இருந்தது. என் மாமியார் கஞ்சி வைத்துக்கொண்டே சொன்னார்.

"அம்மிணி, ஆண்டவன் ஒரு தடவதான் எச்சரிப்பான். நாளைக்கு அந்த வண்டியக் கொண்டுபோய் ஆசுபத்திரியில உட்டுப்போட்டு வந்துரு."

வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காவிட்டால் அம்மா சொன்னது சரி என்று அர்த்தம். எங்களுக்கு மூன்று ஏக்கர் மஞ்சள் காடு இருந்தது. சைக்கிள் போனால் வேலை போகும், வேலை போனால் நான் மறுபடியும் அந்தக் காட்டில் குனிந்து களை எடுக்கும் மருமகள். களை எடுப்பது கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் பதினோரு ஊர்ப் பெண்கள் என் மணிச் சத்தம் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதைப் பார்த்தவள், திரும்பப் போய்க் குனிய மாட்டாள். எனக்கு அன்று தலைவலியை விட பயம்தான் அதிகம்.

"நடந்தா மட்டும் விழ மாட்டாங்களாங்க அத்தை?" என்றேன்.

"நடந்து விழுந்தா முட்டியோட போயிரும்" என்றார் அவர். கட்டுப் போட்ட தலையோடு அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

அந்த வாரம் என் அண்ணன் ஆடி நோம்பிப் பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்தார். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை அவருக்கு. ஆந்திரா, அதற்கும் வடக்கே என்று மாதக் கணக்கில் போய் ஆழ்குழாய்க் கிணறு துளைத்துவிட்டு, மழைக் காலத்தில் திரும்புவார்கள். என்னைப் பார்க்க வந்தவர் கையில் பழம் இல்லை, பிஸ்கட் இல்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு ஹெல்மெட் இருந்தது.

"எங்க வண்டியில பத்து தொங்குது அம்மிணி. ஆபீசர் வந்தா எடுத்துப் போடுவோம், அவர் போனதும் ஆணியிலயே மாட்டிருவோம். ஆயுத பூசைக்குச் சந்தனம் வெக்கறதுக்குத்தான் அது ஆகுது. நீயாச்சும் போடு."

அவர் சொன்னது நிஜம். உச்சியில் போன வருஷத்துச் சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. நான் அதைத் தேய்த்து எடுக்கவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதை என் தலைக்குத் தகுந்த மாதிரி ஆக்குவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. ஆண் தலைக்குச் செய்தது, எனக்குத் தொளதொளவென்று ஆடியது. பழைய துண்டை மடித்து உள்ளே வைத்துத் தைத்தேன். கன்னத்தடியில் கட்டப் பாவாடை நாடா. கொண்டை உச்சியில் இருந்தால் உட்காராது என்று பிடரிக்கு இறக்கினேன். பூவை ஹெல்மெட்டுக்குக் கீழே, கழுத்தோரம் செருகிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

மாமியார் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் பெண் தலையை மூடுவது இழவு வீட்டில்தான். வெளியே கிளம்புகிறவர்கள் முன்னால் முக்காட்டோடு ஒருத்தி வந்தால், வந்த வழியே திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புகிற ஊர் அது.

"கட்டுனவன் குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப மருமவ தலைய மூடிட்டுத் தெருவுல போவாளா?"

"மண்டை ஒடைஞ்சா மட்டும் சகுனம் நல்லா இருக்குமுங்களா?" என்றேன்.

அப்போதுதான் வீட்டுக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அத மாட்டிட்டு ஓட்டறதுன்னா ஓட்டிக்கட்டும் உடுங்கம்மா." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் காட்டுக்குப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவருக்கு ஒரு வாரம் கோழிக் குழம்பு வைத்தேன்.

ஆக, அது எனக்கும் என் வீட்டுக்கும் நடந்த பேரம். தலைக்கு மூடி, காலுக்குச் சைக்கிள்.

முதல் நாள் போதமலை அடிவாரத்து ஊருக்குள் நுழைந்தேன். மழை பொய்த்து இரண்டாம் வருஷம், கிணறுகளில் கல்தான் தெரிந்தது. களத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் தலை உருமாலைச் சரி செய்துகொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே நாலு பேர்.

"வாங்க சாமி, வாங்க. வண்டி பின்னால வருதுங்களா? எங்க காட்டுல எத்தன அடியில தண்ணி வரும்னு சித்தப் பார்த்துச் சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. எங்கள் சீமையில் மஞ்சள் ஹெல்மெட் என்றால் போர் போடுகிறவர்கள். அந்தத் தொப்பிக்குக் கீழே சேலை இருந்தால் கூட அவர்களுக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. நான் எடை பார்க்க வந்தவள் என்று சொன்னதும் பெரியவர் முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை.

"செரி, வந்தது வந்துட்டீங்க. என்ற பேரனை எடை போட்டுப்போட்டு, அப்படியே கெணத்தையும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போங்க."

பார்த்தேன். வேறு என்ன செய்வது? கிணற்றை எட்டிப் பார்த்து, இன்னும் ஆழமாகத் துளைக்க வேண்டும் என்று சொன்னேன். கிணறே கல்லாகக் கிடக்கும்போது அதைச் சொல்ல அனுபவம் தேவையில்லை. அதற்கு முன் அந்த வீட்டில் என்னை வாசற்படி தாண்ட விட்டதில்லை, பிள்ளைக்குக் கண் பட்டுவிடும் என்று ஒளித்து வைத்திருந்தார்கள். அன்று மூன்று பிள்ளைகளை அவர்களே கொண்டு வந்து தராசில் போட்டார்கள். என் பெயர் அன்றிலிருந்து போர்க்காரம்மா. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அதனால் நானும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டேன்.

கேலி இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பயல்கள் ஹெல்மெட்டில் சரளைக்கல் எறிந்து சத்தம் கேட்டார்கள். டீக்கடையில் ஒருவர், "பொம்பள மண்டையில காப்பாத்தற அளவுக்கு என்னத்த வெச்சிருக்கறா?" என்று என் காதில் விழும்படி கேட்டார். நான் சைக்கிளை நிறுத்தி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, கட்டைப் பிரித்துத் தையலைக் காட்டினேன். "உள்ள எட்டிப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான். நல்ல குணம் என்று யாரும் சொன்னதில்லை.

மாசி மாதம் ஹெல்மெட்டுக்கு வேலை வந்தது. குறுகலான சாலையில் பஸ் ஒன்று என்னை உரசிக்கொண்டு போனதில் ஓரத்துச் சரளையில் சறுக்கி, பாலத்துச் சுவரில் தலையால் மோதினேன். எழுந்து உட்கார்ந்து தொட்டுப் பார்த்தால் ரத்தம் இல்லை. ஹெல்மெட்டில்தான் காது முதல் உச்சி வரை ஒரு விரிசல். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எனக்கு அது சொலவடையாக இல்லை, நடந்தே விட்டது. என் மாமியார் அந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். அன்று சாயங்காலம் பூவைக் கழுத்தோரம் அவரே வைத்துவிட்டார். அண்ணன் மறு லாரியில் இன்னொரு ஹெல்மெட் அனுப்பிவிட்டார்.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் போகிறவர்களுக்கு ஹெல்மெட் தேவையா என்று என்னிடம் கேட்டால் தேவை. என் மண்டையே அதற்குச் சாட்சி. ஆனால் அதைச் சட்டமாகப் போடலாமா என்று கேட்டால் உடனே தலையாட்ட மாட்டேன். யார் தலைக்கு, யார் போடுகிற சட்டம் என்று முதலில் கேட்பேன். அப்படிக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அடுத்த மாதம் ஆஸ்பத்திரிப் பலகையில் ஒட்டிய ஒரு காகிதம்.

எங்கள் மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. சேலத்துக்காரர், டவுனில் ஏதோ ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்துக் கூட்டம் போடுவார். என் விரிசல் விட்ட ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கினார் என்று கூடச் சொல்லலாம். அடுத்த சனிக்கிழமை காகிதம் வந்துவிட்டது. சைக்கிளில் போகும் பெண் ஊழியர்கள் அனைவரும் ஹெல்மெட் அணிய வேண்டும், அணியாதவர்கள் சைக்கிளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். பலகைக்குக் கீழே, சேலத்திலிருந்து வாங்கி வந்த ஏழு ஸ்கூட்டர் ஹெல்மெட்டுகள் வரிசையாக இருந்தன. சித்திரை வெயிலில் அதைப் போட்டால் தலைக்குள் சோறு வேகும்.

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? நான் ஆரம்பித்து வைத்தது சட்டமாகிவிட்டது என்று நினைத்தேன். 'பெண் ஊழியர்கள்' என்ற சொல் என் கண்ணில் பட்டும் படாமல் போயிற்று.

எங்களில் மிகவும் சின்னவள் அடிவாரத்து ஊரில் வாக்கப்பட்டவள். இருபது வயது இருக்கும். சைக்கிள் கற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. நேராகப் போகச் சொன்னால் பாம்பு மாதிரி போவாள், ஆனால் போய்விடுவாள். மலையோரத்து ஐந்து ஊர் அவள் பொறுப்பு. அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதுதான் அவள் செய்த தப்பு. அவள் மாமனார் படிக்கத் தெரிந்தவர்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. அவளுடைய சைக்கிளை மட்டும் யாரோ மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நான் அவள் வீட்டுக்குப் போனேன். மாமனார் கட்டிலில் உட்கார்ந்து மஞ்சள் கிழங்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"வாங்கம்மிணி. உங்க ஆசுபத்திரிக்காரங்களே எழுதிக் குடுத்துட்டாங்க, இந்த ரோட்டுல பொம்பள சைக்கிள்ல போனா மண்டை ஒடையும்னு. அதுக்கு மேல எந்த மாமனாரு மருமவள அனுப்புவாரு, சொல்லுங்க?"

"அதுக்குத்தானுங்க ஹெல்மெட்டு."

"பாம்பு இருக்கற பொந்துக்குக் கையுறை குடுத்தா கைய உட்டுருவீங்களா?"

அவள் கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். அழுது முடித்த முகம். தப்பு உன்னுடையது என்று அவள் சொல்லவில்லை, எனக்கே அப்படித் தோன்றியது. நான் என் வீட்டோடு பேரம் பேசி வாங்கிக்கொண்டதை ஒரு காகிதம் எடுத்து, சைக்கிளே ஆபத்து என்று சான்றிதழாக அவள் மாமனார் கையில் கொடுத்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. அடிவாரத்து ஐந்து ஊரில் அந்த மாதம் எந்தப் பிள்ளையும் எடை பார்க்கப்படவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் அந்தச் சொல் எனக்குச் சரியாக உறைத்தது. பெண் ஊழியர்கள். ஐந்து ஆண்களும் அதே சாலையில்தான் போகிறார்கள். அதே கிழங்கு லாரி, அதே பஸ், அதே பாலம். அவர்கள் மண்டை மட்டும் இரும்பா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதானே. ஆண் விழுந்தால் விபத்து. பெண் விழுந்தால் அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது மாதத்துக்குப் பிறகு நான் வெறும் தலையோடு சைக்கிள் ஓட்டிப் போனேன். ஹெல்மெட் முன்னால் கூடையில் இருந்தது. காற்று நேராகத் தலைக்குள் நுழைந்தது, பயமாகவும் இருந்தது. பாலத்தைத் தாண்டும்போது சுவரை விட்டு விலகி ஓட்டினேன். கூட்டம் தொடங்கியதும் ஹெல்மெட்டை எடுத்து மேனேஜர் மேசையில் வைத்தேன்.

"என்னம்மா இது? நீங்கதானே முதல்ல போட்டது? உங்களைப் பார்த்துத்தான் இந்த ஆர்டரே போட்டேன்."

"நான் போட்டது என்ற சொந்தத் தலைக்குங்க சார். நீங்க போட்டது பொம்பளைங்க தலைக்கு. ஆம்பளைங்களுக்கும் சேர்த்துப் போடுங்க, இப்பவே எடுத்து மாட்டிக்கறேன். இல்லைன்னா சைக்கிளை எடுத்துக்கங்க."

எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் அன்று நடந்துதான் வீட்டுக்குப் போயிருப்பேன், மறுநாள் மஞ்சள் காட்டுக்கு. ஆண்கள் பக்கம் ஒருவர் சிரித்தார்.

"நாங்க பொறந்ததுலருந்து ஓட்டறமுங்க. எங்களுக்கு எதுக்கு அது?"

"போன வருசம் தேங்கா மூட்டைய வெச்சுக்கிட்டு வரப்புல ஓட்டி, கை ஒடைஞ்சு ஆறு வாரம் கட்டோட உக்காந்திருந்தது ஆருங்க?" என்றேன்.

சிரித்தவர் அவர்தான். அறையில் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பக்கம் யாரோ இருமினார்கள், அது இருமல் இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை என்று நான் சொன்னது சும்மா இல்லை. பேனாவை எடுத்து 'பெண்' என்ற சொல்லை அடித்துவிட்டார்.

அடுத்த வாரம் ஐந்து ஆண்களுக்கும் ஹெல்மெட் வந்தது. திங்கட்கிழமை ஐந்து பேரும் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஒருவருக்குத் தலைவலி. புதன்கிழமை ஒருவருக்கு முடி கொட்டியது. கை ஒடிந்தவர், பின்னால் வண்டி வரும் சத்தம் கேட்கவில்லை, இதனால் நான் செத்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். வியாழக்கிழமை ஐந்தும் ஹாண்டில்பாரில் தொங்கின. வெள்ளிக்கிழமை ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். சனிக்கிழமை பலகையில் காகிதம் இல்லை, ஒட்டிய பசை மட்டும் இருந்தது. பெண்கள் ஆறு வாரம் வேர்த்து வடிந்தபோது சட்டமாக இருந்தது, ஐந்து ஆண்களுக்கு நாலு நாள் அரித்ததும் வெறும் யோசனை ஆகிவிட்டது. மேனேஜர், இஷ்டப்பட்டவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்றார். நான் அந்த நிமிஷமே என் மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்து நாடாவைக் கட்டினேன். கூட்டம் முடியும் வரை கழற்றவில்லை.

செய்தியை எடுத்துக்கொண்டு மறுபடி அடிவாரத்துக்குப் போனேன். இனி கட்டாயம் இல்லை, காகிதம் போய்விட்டது, அவள் வேலைக்கு வரலாம் என்று அவள் மாமனாரிடம் சொன்னேன். அவர் மஞ்சளைப் பிரித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இப்ப அதும் இல்லீங்களா? மண்டைக்கு ஒண்ணுமில்லாம வெறுந்தலையோட அனுப்பச் சொல்றீங்க?"

ஹெல்மெட் இருந்தால் ஆபத்து இருக்கிறது, அதனால் போகக்கூடாது. ஹெல்மெட் இல்லாவிட்டால் ஆபத்து, அதனாலும் போகக்கூடாது. அவருக்கு அவள் மண்டையைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவள் கால் பெடலில் இருப்பதுதான் அவருக்கு ஆகவில்லை. எனக்கு வந்த கோபத்தில் ஹெல்மெட்டே சூடாகிவிட்டது. ஆனால் கோபத்தைக் காட்டினால் கதவு சாத்திக்கொள்ளும் என்பதும் தெரியும்.

"ஏனுங்க, அவ சைக்கிள் ஓட்டறதுதானே உங்களுக்குப் பயம்?"

"ஆமாங்க."

"செரிங்க. ஓட்ட வேண்டாம். நான் ஓட்டறேன், பின்னால உக்காந்து வரட்டும். பஸ்ஸுல உக்காந்து போறவங்க வண்டி ஓட்டறவங்களாயிருவாங்களா?"

அவர் ஒரு மஞ்சளை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா குரல் வந்தது. "போயிட்டு வரட்டும் உடுங்க. கொழந்தைங்கள ஆரு நிறுக்கறாங்கன்னு ஊரே கேக்குது." பெரியவர் மேலும் ஒரு மஞ்சளைப் பிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் அவளைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். சைக்கிளில் இரண்டு பேர் போவது அன்றைய சட்டப்படி குற்றம். போலீஸ்காரர் பார்த்தால் நிறுத்தி, இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டுப் போகச் சொல்வார். தலையில் ஹெல்மெட்டும் பின்னால் குற்றமுமாக நான் ஊர் நடுவில் மணியடித்துக்கொண்டே போனேன். மாமனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் மறையும் வரை அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு அடக்கமாக, ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தாள்.

ஏரி வளைவு தாண்டியதும், "அக்கா, நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினேன். அவள் இறங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து ஹாண்டில்பாரைப் பிடித்தாள். நான் இறங்கி வழி விட்டேன். அவள் ஆறு வாரமாக ஓட்டாதவள். முன்னால் சரளைச் சாலை, ஒரு பக்கம் ஏரி. ஹெல்மெட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. என் வாய் வரைக்கும் வந்துவிட்டது: போட்டால்தான் சைக்கிள், இல்லாவிட்டால் கொடுக்க மாட்டேன். சைக்கிள் என் பேரில் கொடுத்தது, சொல்லியிருக்கலாம். மேனேஜருக்கு என் விரிசலைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அவள் ஹெல்மெட்டை என் கையிலிருந்து எடுத்தாள். எடுத்து என் தலையிலேயே திரும்பக் கவிழ்த்தாள். நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"நீங்களே போட்டுக்கங்கக்கா" என்றாள். "நான் ஓட்டற ஓட்டத்துக்கு, பின்னால உக்கார்றவங்களுக்குத்தான் இது வேணும்."